இடியோசை வாங்குமுன் இல்லத்தை அளப்போம்

ஆனேக்கல் வட்டத்தில், சந்தாபுரா முதல் அத்திப்பள்ளி வரை அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவருகின்றன. புதுமனை புகுந்தோர் பலர் அடுத்து விரும்புவது இல்லத் திரையரங்கு. அதில் விலையை உயர்த்துவது 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலி. தவணையில் அதனை வாங்குமுன் அவ்வொலியின் இயல்பை நாம் அறிந்துகொள்வது நலம்.

'5.1' என்னும் குறியீட்டில் 5 என்பது சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை. '.1' என்பது 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட தடம். இதனை ஒலிப்பதே சப்வூஃபரின் முதன்மைப் பணி. ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே செல்லும் ஒலியைச் செவியைவிட உடலே மிகுதியாக உணர்கிறது.

திரைப்படங்கள் இவ்வுணர்வை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றன. 1974-இல் 'எர்த்குவேக்' படத்திற்காகத் திரையரங்குகளில் பெரிய சப்வூஃபர்கள் நிறுவப்பட்டன. 1993-இன் 'ஜுராசிக் பார்க்' படத்தில் டைனோசரின் காலடியோசையும், 2014-இன் 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' படத்தின் தொடக்க அதிர்வும் சப்வூஃபர்களைச் சோதிக்க இன்றும் பயன்படுகின்றன. தமிழில், 2018-இல் வெளியான '2.0' படத்திற்கு ஒலி வடிவமைத்த ரசூல் பூக்குட்டி, இருக்கைகளின் அடியிலும் ஒலிபெருக்கிகளை வைக்கும் முறையைக் கொணர்ந்தார்.

இவ்வோசை இல்லத்தில் ஏன் எளிதில் வாய்ப்பதில்லை? அதிர்வெண் பாதியானால், அதே உரப்புக்கு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். மேலும், 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 மீட்டர். நம் கூடமோ பெரும்பாலும் நான்கைந்து மீட்டரே. ஆகவே சுவர்களில் எதிரொலிக்கும் பேஸ் ஓரிடத்தில் பெருகி, மற்றோரிடத்தில் மறைகிறது. இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்றுண்டு. சப்வூஃபரை நாம் அமரும் இடத்தில் வைத்து ஒலிக்கச் செய்து, அறையின் ஓரங்களில் குனிந்து கேட்டு வருக. எங்கே ஒலி சீராக இருக்கிறதோ, அதுவே சப்வூஃபருக்குரிய இடம்.

தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் எளிதில் கடந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என வரையறுக்கின்றன. ஆனால் இந்த அளவீட்டுமுறை தாழ்ந்த ஒலியைக் குறைத்தே கணக்கிடும். கருவி காட்டும் எண் குறைவாக இருப்பினும், கீழ்வீட்டுக் குழந்தையின் உறக்கம் கலையக்கூடும். இரவில் 'நைட் மோட்' வசதியைப் பயன்படுத்துவதும், சப்வூஃபரின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இடுவதும் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் நன்மை.

வாங்கும்போது விலையுடன் வட்டி, செயலாக்கக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். கடையின் பெருங்கூடத்தில் முழங்கியதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நம் அறையின் நீள அகலத்தைக் குறித்துச் செல்லுங்கள். அறைக்கேற்ற சிறிய சப்வூஃபர், இடமறிந்து வைக்கப்பட்டால், பொருந்தாத பெரியதைவிட நிறைவு தரும். மிச்சமாகும் தொகை சேமிப்பில் வளரட்டும்.