வைஃபை போனால் அலாரம் அடிக்குமா?

தலைமாட்டில் கடிகாரம் மாதிரி ஒரு குட்டித் திரை. மணி, வானிலை, செய்தி எல்லாம் இணையம் வழியே வந்துவிடும். 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘சம்பி’ அப்படிப்பட்டதுதான். 3.5 அங்குலத் தொடுதிரை, மெத்தென்ற உறை. 2012-ல் நிறுவனமே மூடப்பட்டது. பழைய சம்பி கிடைத்தால் வாங்கலாமா?

சாதகம்: உள்ளே ஓடுவது லினக்ஸ். அதன் சர்க்யூட் படங்களை நிறுவனமே வெளியிட்டிருந்ததால், ஆர்வலர்கள் பிரித்து மாற்றி அமைக்க முடிந்தது. 2014-ல் முன்னாள் ஊழியர் ஒருவர் மாதச் சந்தாவில் சேவையை மீண்டும் தொடங்கினார்.

பாதகம்: இதன் செயலிகள் ஃப்ளாஷில் உருவானவை. அந்த ஃப்ளாஷுக்கே 2020-ல் அடோபி விடை கொடுத்துவிட்டது. தவிர, சர்வர் நின்றால் என்ன கதி? சம்பி மென்பொருளோடு 2010-ல் வந்த ‘சோனி டேஷ்’ நல்ல உதாரணம். 2017 ஜூலையில் சேவையை நிறுத்தியதும், பழுதே இல்லாத பெட்டிகள் பயனற்றுப் போயின.

இன்று ஸ்மார்ட் டிஸ்ப்ளே வாங்குகிறீர்களா? முதல் நாளே வைஃபையை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடிக்கவில்லையா? திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் யோசித்துவிடுங்கள்.