மாவுக்குள் ஒரு மணிமாலை

இரவு அரைத்து மூடி வைத்த மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து நிற்கும் காட்சி நம் வீடுகளில் யாருக்கும் புதிதன்று. காரணம் கேட்டால், "புளித்தது, பொங்கிற்று" என்று பாட்டிமார் விடை பகர்வர். புளித்தது சரி, பொங்கியது எங்ஙனம்? ரொட்டிக்காரரைப்போல் நாம் ஈஸ்ட் எதுவும் சேர்க்கவில்லையே!

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள் 1965-ஆம் வருஷம் விடை கண்டனர். மாவை உயர்த்துவதில் முதல் பங்கு லூகனாஸ்டாக் மெஸென்டராய்டிஸ் என்னும் பாக்டீரியாவுக்கு உரியதாம். பெயர் நாவில் புரளாது, உருவமோ எளியது. பூதக்கண்ணாடியில் நோக்கினால் சிறு மணிகள், இரண்டிரண்டாகவும் சரம் சரமாகவும் கோத்தாற்போல் தோன்றும். உளுந்தோடு ஒட்டி வந்து மாவில் குடியேறுகிறது. சர்க்கரைச் சத்தை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயுவை உளுந்தின் கொழகொழப்பு சிறைப்படுத்துவதால் மாவு எழும்புகிறது. உளுந்தில் சிக்கனம் பிடித்த வீட்டு இட்லியை விண்டு பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் இதற்குப் பெயர் கிடைத்தது அடுப்பங்கரையில் அன்று. ஐரோப்பிய சர்க்கரை ஆலைகளில் சாறு தவளை முட்டைத் திரள்போல் இறுகிப்போவது உண்டு. அத்திரளில் வாழ்ந்த உயிருக்கு 1878-இல் பிரெஞ்சுத் தாவர நூலார் வான் டீகெம் இப்பெயரைச் சூட்டினார். ஈரத் தரையில் பாகுபோல் படரும் நாஸ்டாக் பாசியை ஒத்திருந்தது, நிறந்தான் வெண்மை. ஆகவே 'வெண் நாஸ்டாக்'. குடலைத் தாங்கும் சவ்வைப் போன்றது என்பது பின்பாதியின் பொருள். பாலேட்டில் வாழும் உறவினர் ஒன்றும், இன்னொன்றும் தனி இனங்களாகவே வெகுகாலம் எண்ணப்பட்டன. 1983-இல் மூன்றையும் ஓரினமாக்கினர். 2020-இல் இதன் குடும்பத்தையே லாக்டோபாசில்லஸ் குடும்பத்தோடு சேர்த்துவிட்டனர். கொரியாவின் கிம்ச்சியிலும் ஜெர்மானியரின் முட்டைக்கோஸ் ஊறுகாயிலும் முதலில் வேலை தொடங்குவது இதுவே. புளிப்பு ஏறியதும் வேறு இனங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிடும்.

கரும்புச் சர்க்கரை கிடைத்துவிட்டாலோ, டெக்ஸ்ட்ரான் என்னும் பிசினை உண்டாக்குகிறது. ஆலைகளின் சத்துருவான இதே பிசினை ஸ்வீடனில் உப்சாலா நகரத்து விஞ்ஞானிகள் 1940-களில் ஆராய்ந்து, அளவாக உடைத்துச் சுத்தம் செய்து, இரத்தம் இழந்தோருக்கு நாளத்தில் ஏற்றும் திரவமாக்கினர். போற்றத்தக்க காரியம்!

நம் கரும்பு விவசாயிக்கு இதனால் ஆறுதல் இல்லை. வெட்டிய கரும்பு ஆலை வாசலில் காத்துக் கிடக்கையில், வெட்டுவாய் வழியே இப்பாக்டீரியா உட்புகுந்து சர்க்கரையைப் பிசினாக்குகிறது. சாறு தடித்து வடிகட்டிகள் அடைபடுகின்றன. சர்க்கரைப் படிகங்கள் ஊசிபோல் நீள்கின்றன. மத்திய சர்க்கார் விதிக்கும் கரும்பு விலையோ ஆலையின் சர்க்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்தது. போதாக்குறைக்கு வெயிலில் கரும்பின் எடையும் குறைகிறது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போக வேண்டிய கரும்பு, வரிசை நீளுமாயின் மறுநாளும் வண்டியிலேயே கிடக்கிறது.