டார்ட்மண்டுக்கு அப்பா அம்மா வந்தார்கள்

ஜெர்மனியின் டார்ட்மண்டில் படிக்கிறேன். பெற்றோரை அழைக்க ஷெங்கன் விசா வேண்டும். 180 நாள்களுக்குள் அதிகபட்சம் 90 நாள்கள் தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

"நெய் உருக்கி எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் அம்மா. பால், இறைச்சிப் பொருள்களைப் பயணப்பெட்டியில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. "வேணாம்மா, சாம்பார் பொடி போதும்" என்றேன்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடுவேன். அப்பாவும் அம்மாவும் வந்த பிறகு, நான் வகுப்பில் இருக்கும்போது அவர்கள் வெளியே போய்வர, முகவரியையும் ரயில் நிறுத்தத்தின் பெயரையும் தாளில் எழுதிக்கொடுத்தேன். பக்கத்து ஊரான ஹம்மில் ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே தமிழில் பேச ஆள் கிடைத்ததும் அம்மா முகம் மலர்ந்தது.

பெற்றோரை அழைக்கும் மாணவர்களே, சுற்றுலா பிறகு இருக்கட்டும். முதலில் அவர்களைத் தனியாக நடமாடப் பழக்குங்கள்.