யஷ்வந்த்பூரில் கிடைத்த ரோமானியக் காசு

தெனாரியஸ் என்பது ரோமானியரின் வெள்ளிக்காசு. ஏதென்ஸ் போன்ற கிரேக்க நகரங்களில் புழங்கிய திராக்மாவுக்கு ஏறத்தாழ நிகராக இது மதிக்கப்பட்டது. 1891-இல் பெங்களூரு யஷ்வந்த்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே 163 தெனாரியஸ் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் அவற்றில் இருந்தன. பெங்களூருவை நிறுவிய கெம்பே கௌடா 1537-இல் அங்கே கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அடிக்கப்பட்ட காசுகள் இவை.

காசடிப்பது கைவேலை. அடி அச்சைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் வெள்ளி வில்லையை வைப்பார்கள். மேல் அச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அடி சற்று விலகினாலும் உருவம் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். எழுத்தில் பாதி வெளியே போய்விடும். அதனால் ஒரே அச்சில் அடித்த இரு காசுகள்கூட அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை.

டைபீரியஸ் காசு ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறியது. முன்புறம் வாகை இலை சூடிய மன்னனின் தலை, சுற்றிலும் அவன் தெய்வமான அகஸ்டஸின் மகன் என்னும் வாசகம். பின்புறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். விவிலியத்தில் இயேசு கொண்டுவரச் சொல்லிப் பார்த்த வரிக்காசு இதுவாகவே இருக்கும் என்பது பரவலான கருத்து.

மன்னன் முகத்தைவிட எடைதான் இங்கே மதிப்பைத் தந்தது. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 காசு. ஒன்றின் எடை சுமார் 3.9 கிராம், வெள்ளியும் ஏறக்குறையச் சுத்தம். வெவ்வேறு மன்னர்கள் அடித்த காசுகள் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு இலங்கை அரசன் வியந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 64-இல் பேரரசன் நீரோ அதே ராத்தலில் 96 காசு அடிக்க வைத்து, செம்பையும் கூட்டினான். கோயம்புத்தூர்ப் பகுதிப் புதையல்களிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுதி. உருக்கினால் நல்ல வெள்ளி தரும் பழைய காசையே வணிகர்கள் கேட்டு வாங்கினார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

ஆகவே காசு அடித்த ஆண்டைப் புதைத்த ஆண்டாகக் கொள்ள முடியாது. யஷ்வந்த்பூர்க் குவியலில் கிளாடியஸ் காசு இருப்பதால், அவன் பட்டமேறிய கி.பி. 41-க்கு முன் அது மண்ணுக்குள் போயிருக்க முடியாது. அதன்பின் எத்தனை கை மாறிய பிறகு புதைக்கப்பட்டது என்பதைக் காசு சொல்வதில்லை.