பைக்குக்கு ரீகால் வந்தால் என்ன செய்வது? பெரம்பலூர், அரியலூர் குடும்பங்களின் கவனத்திற்கு

ஒரு கம்பெனி தனது பைக்குகளை ‘திரும்பப் பெறுகிறது’ என்று செய்தி வந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். வண்டியே மோசம் போலிருக்கிறது, விலை இறங்குவதற்குள் விற்றுவிடலாம் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே நடப்பதில்லை. ரீகால் என்றால், குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம் என்று கம்பெனி கண்டுபிடித்து, வண்டியை சர்வீஸ் சென்டருக்கு வரவழைத்து, சோதித்து, தேவைப்பட்டால் அந்தப் பாகத்தைக் காசு வாங்காமல் மாற்றித் தருவது. ஒன்று அல்லது இரண்டு மணி நேர வேலையாகவே பெரும்பாலும் இது முடிந்துவிடும்.

நமது இளைஞர்கள் அதிகம் விரும்பும் வண்டியிலிருந்தே தொடங்கலாம். 2021 மே மாதம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், மீட்டியோர் 350, கிளாசிக் 350, புல்லட் 350 ஆகிய மூன்று மாடல்களில் 2,36,966 வண்டிகளை ரீகால் செய்தது. மீட்டியோர் என்றால் 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரானவை. மற்ற இரண்டும் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தயாரானவை. இந்தியா மட்டுமின்றி மலேசியா, தாய்லாந்து, ஆஸ்திரேலியா உட்பட ஏழு நாடுகளில் விற்ற வண்டிகள் இதில் அடங்கும். குறை இருந்தது இக்னிஷன் காயிலில்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கில் தீப்பொறி வர பல ஆயிரம் வோல்ட் தேவை. அந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தருவதுதான் இக்னிஷன் காயில். அது சரியில்லாவிட்டால் வண்டி திணறும், இழுவை குறையும், அரிதாக மின்கசிவும் ஏற்படலாம். ‘திணறினால் என்ன, ஓரமாக நிறுத்திக் கொள்ளலாமே’ என்று தோன்றும். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் போய்ப் பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். லாரியை முந்தும் நேரத்தில், எதிரே வண்டி வரும்போது, ஆக்சிலரேட்டரைத் திருகியும் வண்டி இழுக்கவில்லை என்றால் ஒதுங்குவதற்கு ஓரமே இருக்காது.

அந்த அறிவிப்பு வந்தபோது தமிழகம் கொரோனா இரண்டாம் அலையின் முழு ஊரடங்கில் இருந்தது. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்த நாட்களில் பைக் செய்தியை யார் படித்திருப்பார்கள்? அந்த மாதங்களில் தயாரான புல்லட்டோ கிளாசிக்கோ வைத்திருப்பவர்கள், குறிப்பாக அதைப் பிறகு செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்கள், இந்த வேலை முடிந்ததா என்று இப்போது கேட்டாலும் தவறில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் அதே நிறுவனம் இன்னொரு ரீகாலை அறிவித்தது. 2021 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரான, பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள 26,300 கிளாசிக் 350 வண்டிகள். பின் பிரேக்கை மிதிக்கும்போது டிரம்மின் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். அதைச் சுழல விடாமல் பிடித்து வைக்கும் பிராக்கெட், மிகக் கடுமையாக பிரேக் அடிக்கும்போது சேதமடையக்கூடும் என்பதே குறை. முதலில் சத்தம் வரும், போகப் போக பிரேக் பிடிப்பது குறையும். சாதாரணமாக ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. திடீரென்று அழுத்தி மிதிக்க வேண்டிய அந்த ஒரு நேரத்தில்தான் தெரியும்.

‘எங்கள் வீட்டில் புல்லட் இல்லை, ஸ்கூட்டர்தான்’ என்பவர்களும் தொடர்ந்து படியுங்கள். 2024 பிப்ரவரியில் யமஹா நிறுவனம், 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை தயாரான ரே இசட்.ஆர். 125, ஃபசினோ 125 ஹைபிரிட் ஸ்கூட்டர்களில் சுமார் 3 லட்சத்தை பிரேக் லீவர் குறைக்காக ரீகால் செய்தது. அதே ஆண்டு ஜூலையில் சுசுகி நிறுவனம் ஆக்சஸ் 125, அவெனிஸ், பர்க்மேன் ஸ்கூட்டர்களில் சுமார் 3.88 லட்சத்தை அழைத்தது. அவை 2022 ஏப்ரல் 30 முதல் டிசம்பர் 3 வரை தயாரானவை. இக்னிஷன் காயிலிலிருந்து வரும் வயர் வளைந்து வளைந்து விரிசல் விட்டு, என்ஜின் நின்றுபோகலாம் என்பது காரணம். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கடைக்குப் போகவும் நம் வீட்டுப் பெண்கள் ஓட்டுவது இந்த வகை வண்டிகளைத்தான்.

தேதி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ரீகாலில் சொல்லப்படுவது தயாரிப்புத் தேதி, நாம் வாங்கிய தேதி அல்ல. மார்ச்சில் தயாரான வண்டி ஷோரூமில் நின்று ஜூனில் நம் கைக்கு வந்திருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். அதே ஆர்.சி.யில் 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேஸிஸ் நம்பர் இருக்கும். வண்டியின் சட்டத்திலும் அடித்திருப்பார்கள். உங்கள் வண்டி ரீகாலில் வருகிறதா என்பதை முடிவு செய்வது அந்த நம்பர்தான். டி.என். 46, டி.என். 61 என்று தொடங்கும் பதிவு எண் அல்ல. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ சேஸிஸ் நம்பரைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். சில கம்பெனிகளின் இணையதளத்தில் நாமே போட்டுப் பார்க்கலாம்.

‘கம்பெனியே கூப்பிடுமே’ என்று கேட்கலாம். கூப்பிடும், ஆனால் எந்த எண்ணுக்கு? நம் ஊர்களின் நிலைமை இங்கேதான் வேறு மாதிரி. அத்தா சவூதியிலோ துபாயிலோ இருந்துகொண்டு பணம் அனுப்புகிறார். வண்டி அவர் பெயரிலோ உம்மா பெயரிலோ எடுக்கப்படுகிறது. ஷோரூமில் கொடுத்த எண், அவர் விடுமுறையில் வந்தபோது போட்ட சிம். அவர் திரும்பிப் போனதும் ரீசார்ஜ் இல்லாமல் அந்த எண்ணே செத்துவிடுகிறது. சிறிய ஊர் சப் டீலரிடம் எடுத்த வண்டியாக இருந்தால், அவரே தன் எண்ணைப் பதிந்து வைத்திருப்பதும் உண்டு. வண்டி மூன்று கை மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம், அழைப்பு முதல் கைக்குப் போய் நின்றுவிடும். எனவே வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி.யைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்தே கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். கூடவே, ஷோரூம் பதிவில் இப்போது வண்டி ஓட்டுபவரின் எண்ணை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டிக்கு இது கிடைக்குமா என்ற சந்தேகமும் வேண்டாம். ரீகால் வண்டியின் சேஸிஸ் நம்பரைச் சேர்ந்தது. உரிமையாளர் மாறியிருந்தாலும், வாரண்டி முடிந்திருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாங்கிய ஷோரூமுக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. மகன் திருச்சியிலோ சென்னையிலோ படிக்கிறான் என்றால் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலேயே காட்டலாம். தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கம்பெனியின் ரீகால் பட்டியல் அவரிடம் இருக்காது, பாகமும் அவருக்கு இலவசமாக வராது. பிரேக் சம்பந்தப்பட்ட ரீகால் என்றால் போனிலேயே விவரம் கேட்டு, ஓட்டி வரலாமா அல்லது வண்டியை வந்து எடுப்பார்களா என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

சர்வீஸ் சென்டரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். ரீகாலில் வரும் எல்லா வண்டிக்கும் பாகம் மாற்ற மாட்டார்கள். 2021 மே ரீகாலில் 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே மாற்ற வேண்டியிருக்கும் என்று ராயல் என்ஃபீல்டு சொன்னது. ஆகவே ‘பார்த்துவிட்டோம், உங்கள் வண்டியில் குறை இல்லை’ என்று சொன்னால் அது ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் வாய்வார்த்தையோடு திரும்பியும் வரக்கூடாது. ஜாப் கார்டில் ரீகால் சோதனை என்று எழுதி, பார்த்தது என்ன, மாற்றியது என்ன, கிலோமீட்டர், தேதி எல்லாம் குறித்துத் தரச் சொல்லி வாங்க வேண்டும். பாகம் ஸ்டாக் இல்லை என்றால் எப்போது வரும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘கூடவே ஜெனரல் சர்வீசும் செய்துவிடலாம்’ என்பார்கள். விருப்பம் இருந்தால் செய்யலாம், ஆனால் அந்தக் கட்டணத்தை ரீகாலோடு கலந்து பில் போட விடாதீர்கள். ஹாரன், லைட், சைலன்சர் என்று வயரிங்கை வெட்டி ஒட்டிய வண்டிகளில் ‘குறை உங்களால் வந்தது’ என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். இதை இளைஞர்கள் யோசிக்க வேண்டும்.

ரீகாலுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இன்னொன்றும் தெளிவாகிறது. ‘உங்கள் வண்டிக்கு ரீகால், ஓ.டி.பி. சொல்லுங்கள், முன்பணம் கட்டுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. போனை வைத்துவிட்டு நாமே சென்டருக்குப் பேசுவதே சரி.

2012 முதல் நம் நாட்டில் ரீகால் என்பது வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் விருப்ப விதிமுறையாகத்தான் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அப்படி உத்தரவானால் கம்பெனி பழுது நீக்கித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. கம்பெனி தானாகவே குறையைக் கண்டு அரசுக்குத் தெரிவித்து அழைத்தால் அபராதம் இல்லை. அதனால்தான் இப்போது அவர்களே முந்திக்கொண்டு அறிவிக்கிறார்கள். ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இந்த விதி. ஒரே மாடலில் பலருக்கு ஒரே குறை வருகிறது என்றால் வாகன் இணையதளத்தில் உரிமையாளர்கள் புகார் பதியலாம். ஒருவர் மட்டும் பதிவதைவிட ஒரே குறை உள்ள பலரும் தனித்தனியாகப் பதிவது நல்லது.

டீலர் இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். வண்டியைத் திருச்சியில் வாங்கியிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். அங்கே பேசப்போவது அந்த ஜாப் கார்டும் மின்னஞ்சலும்தான்.

வண்டியை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரீகால் வேலை முடியாத வண்டி என்று தெரிந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது என்பது நாம் அறிந்ததே. இங்கே மறைப்பது பெயின்ட் கீறலை அல்ல, பிரேக்கை.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இவை அனைத்தோடும் பேட்டரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டரில் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். நாட்டின் பல இடங்களிலும் தீவிபத்துகள் நடந்த அந்த நேரத்தில், அடுத்த மாதமே ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும் ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் சோதனைக்காகத் திரும்ப அழைத்தன. உங்கள் ஸ்கூட்டரின் சேஸிஸ் நம்பரோடு பேட்டரியின் நம்பரையும் கொடுத்துக் கேளுங்கள். பதில் வரும் வரை, தூங்கப் போகும் நேரத்தில் வாசலை அடைத்த மாதிரி வைத்து சார்ஜ் போடாதீர்கள்.