விதையும் ஷரத்தும்

தண்டலத்தில் ஒருவர் ஆலை வைக்க வேண்டுமானால், 1974-ம் வருஷத்து நீர்ச் சட்டப்படியும் 1981-ம் வருஷத்துக் காற்றுச் சட்டப்படியும் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும். இசைவில் ஷரத்துக்கள் உண்டு. மீறினால் ஜவாப்தாரி முதலாளியே. இந்த நியாயம் ஆலையின் மதிற்சுவருடன் நின்று விடுகிறது. அதற்கு அப்பால், வயலில் இறங்கும் மரபணு மாற்றிய விதைக்கு நேர்மாறான நியாயம் வழங்கி வருகிறது.

2002 மார்ச்சு மாதம் பி.டி. பருத்திக்கு மத்திய சர்க்கார் அனுமதி அளித்தபோது ஒரு ஷரத்து விதித்தனர். வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ, விதைத்த பரப்பில் 20 சதவிகிதமோ, எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி பயிரிட வேண்டும். காரணம் உண்டு. பி.டி. செடியின் நஞ்சைத் தாங்கிப் பிழைக்கும் புழுக்கள் வெகு சில. அவை தம்முள்ளேயே கூடினால் நஞ்சுக்கு அஞ்சாத சந்ததி பெருகும். சாதாரணச் செடியில் வளர்ந்த அந்துகளுடன் கூடினால் அந்தக் குணம் பரவத் தாமதமாகும்.

ஆனால் இந்த ஷரத்தை நிறைவேற்றும் பாரம் யார் தலையில் விழுந்தது? 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்ததுடன் கம்பெனிகளின் கடமை தீர்ந்தது. இரண்டு ஏக்கர்க் குடியானவர், தம் நிலத்தில் ஒரு பாகத்தைப் புழுவுக்குத் தானம் செய்ய வேண்டுமாம்! பெரும்பாலோர் செய்யவில்லை. அவர்களை அறியாமை பிடித்தவர்கள் என்று சிலர் தூற்றுவதை நாம் ஒப்புக்கொள்ளோம். நஷ்டஈடு இல்லாத ஷரத்தை எந்த வக்கீலும் தம் கட்சிக்காரருக்குச் சிபாரிசு செய்யமாட்டார்.

விளைவு, 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவை வென்றுவிட்டதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2006-ல் வந்த இரட்டை மரபணு விதையும் பத்து வருஷத்திற்குள் அதே கதியை அடைந்தது. இப்புழுவுக்குப் பருத்தியே பிரதான ஆகாரமாகையால், பக்கத்து வயலின் வேறு பயிர் புகலிடமாக உதவவில்லை. அமெரிக்காவின் அரிஜோனாவிலோ, அதே புழு, அதே மரபணு. 1996 முதல் சாதாரணப் பருத்தியை ஒழுங்காகப் பயிரிட்டார்கள், பிறகு மலட்டு அந்துகளையும் விட்டார்கள். 2018-ல் அந்நாட்டுப் பருத்தி வயல்களில் அப்புழு ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

கத்தரிக்காய் விஷயத்தில் 2010 பிப்ரவரியில் மந்திரி ஜெயராம் ரமேஷ் அனுமதியை நிறுத்திவைத்தது நன்று. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதில் பங்குகொண்டிருந்தது; கத்தரியோ நம் தேசத்துப் பயிர், அதன் காட்டு இனங்கள் இங்கு உள்ளன. இப்போது கடுகு வந்திருக்கிறது. 2022 அக்டோபரில் அதற்கு அனுமதி. 2024 ஜூலை 23-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இருவரும் அவ்விஷயத்தில் மாறுபட்டனர். எனினும், சர்க்கார் பலரையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

அக்கொள்கையில் ஷரத்தின் பாரம் லைசென்ஸ் பெற்றவர் மீதே இருத்தல் வேண்டும். சாதாரண வரிசைகளில் குடியானவருக்கு நேரும் நஷ்டத்தை அவரே ஈடுசெய்யட்டும். அதற்கு முன்பணம் கட்டட்டும். விதையைப் பையிலேயே கலந்து விற்கும் முறை முதல் நாளிலிருந்தே அமலாகட்டும்.

மேற்பார்வைக்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. 1989-ம் வருஷத்து விதிகளிலேயே, ஜில்லா தோறும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு ஏற்பட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் எத்தனை குடியானவருக்கு அது தெரியும்? காஞ்சீபுரம் கலெக்டர் அக்குழுவின் அங்கத்தினர் பெயர்களையும், அது கூடிய தேதிகளையும் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.