உஷார்! சந்தைச் சூரையில் சுஷி சுருட்டாதீர்கள்

கட்டைபறிச்சானில் சுஷிக் கடை கிடையாது. ஆனால் கையில் யூடியூப் இருக்கிறது, மூதூர்ச் சந்தையில் சூரை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வீட்டிலேயே பச்சை மீன் சுஷி சுருட்டலாம் என்று கிளம்பும் இளசுகளே, கத்தியைக் கீழே வையுங்கள்!

நம் நாட்டுக் கெலவல்லா ஜப்பானுக்கே போகிறதே என்பீர்கள். போகிறதுதான். அது பிடித்த கையோடு இரத்தம் வடித்து, குடல் எடுத்து, ஐஸில் புதைத்து விமானம் ஏற்றும் மீன். சந்தைப் பலகையில் ஈ மொய்க்கக் கிடப்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி. பலநாள் வள்ளத்தில் வந்ததென்றால் ஐஸிலேயே வாரக்கணக்கில் கிடந்திருக்கும்.

சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை எல்லாம் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். நாற்றம் வராமலே இது நடக்கும். தின்று சில நிமிடத்திலோ ஒரு மணித்தியாலத்திலோ முகம் சிவந்து, உடம்பு தடித்துக் கடிக்கும். தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், வயிற்றால் போகும். "எனக்குச் சூரை ஒத்துக்காது" என்று விட்டுவிடுகிறோமே, பல நேரம் குற்றவாளி இதுதான். பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஆகவே இரவுக் கறிக்கும் சேர்த்தே சொல்கிறேன். மிளகு கடித்த மாதிரி நாக்கு உறைத்தால் உடனே துப்புங்கள், மீன் விலையை நினைக்காதீர்கள்.

அடுத்தது புழு. கடல் மீனில் இருக்கும் அனிசாக்கிஸ் சாக, மைனஸ் 20 பாகையில் 7 நாள் உறைய வேண்டும். வீட்டு ஃபிரிஜ் பெரும்பாலும் அவ்வளவுக்கு இறங்காது; கரண்ட் போய்ப் போய் வந்தால் கேட்கவே வேண்டாம். தேசிக்காய்ப் புளி விட்டால் மீன் வெளுக்கும், புழு சாகாது. சுஷிக்குத் தொட்டுக்கொள்ளும் வசாபிக் காரம் உங்கள் மூக்கில் ஏறும், அவ்வளவுதான். குளத்து மீனைப் பச்சையாய்த் தின்ன நினைக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் ஈரல் நோயாளிகளும் எந்தப் பச்சை மீன் பக்கமும் போகாதீர்கள்.

ஆசை அடங்காதா? இறாலை அவித்து வைத்துச் சுருட்டுங்கள். ஜப்பானிலும் இறால் சுஷி பெரும்பாலும் அவித்ததுதான். கொழும்புக் கடையில் தின்றால் மீனை எங்கே, எத்தனை நாள் உறைய வைத்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வாருங்கள்.

உடம்பு தடித்து மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். என்ன மீன், எத்தனை மணிக்குத் தின்றது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மிச்சத் துண்டை எறியாமல் பையில் கட்டி ஐஸில் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள்.